சோதனைக்கூடம் கேட்காத கேள்வி

"ஃபாரின் சரக்குல கலப்படம் இருக்காது சார்." டீக்கடை பெஞ்சில் யாராவது இப்படிச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் குடிப்பழக்கம் இல்லாதவராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார். உள்ளூர்ச் சாராயம் ஆளைக் கொல்லும், கப்பலில் வந்த பாட்டில் சுத்தமானது என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது, உடைந்த பிறகு அரசாங்கங்கள் என்ன செய்தன என்று கொஞ்சம் பார்க்கலாம். டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை.

முதலில் ஆஸ்திரியா. அந்நாட்டின் கிழக்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டி, புர்கன்லாந்து என்றொரு மாநிலம். அங்கே நாய்சீட்லர் என்ற பெரிய, ஆழமில்லாத ஏரி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து எழும் மூடுபனி கரையோரத் திராட்சைத் தோட்டங்களில் படியும். அந்த ஈரத்தில் பழத்தின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூஞ்சை வளரும். வேறு பயிரென்றால் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்வார். இங்கே அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். பூஞ்சை தோலைத் துளைக்கும், நீர் ஆவியாகும், பழம் உலர்திராட்சை போலச் சுருங்கி உள்ளே சர்க்கரை செறிந்து நிற்கும். அதைக் கையால் பொறுக்கிப் பிழிந்தால் தேன் போன்ற ஒயின் கிடைக்கும். ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். கூலி அதிகம், விளைச்சல் குறைவு, எல்லா ஆண்டும் பூஞ்சை சரியாகப் பிடிப்பதும் இல்லை. இயல்பாகவே விலை உயர்ந்த பொருள்.

பக்கத்து நாடான மேற்கு ஜெர்மனியில் இந்த இனிப்பு ஒயினுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அங்கத்திய சூப்பர் மார்க்கெட்டுகள் இதே ரகத்தை மலிவு விலையில் அலமாரியில் வைக்க ஆசைப்பட்டன. ஆண்டுக்கு இவ்வளவு லிட்டர், இந்த விலை என்று நீண்டகால ஒப்பந்தம் போட்டன. வானம் ஒப்பந்தத்தைப் படிக்காது. திராட்சை சரியாகப் பழுக்காத ஆண்டுகளில் ஒயின் புளிப்பாகவும் தண்ணீராகவும் வந்தது. ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டுமே. அப்போதுதான் சில வியாபாரிகள் ஒரு வேதியியல் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டார்கள்: டை எத்திலீன் கிளைகோல் ஊற்று.

சர்க்கரையை ஊற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வெறும் சர்க்கரை இனிப்பைத் தரும், ஆனால் நாக்கில் கனமாகப் படியும் அந்தச் செழிப்பைத் தராது. ஆய்வகமும் சர்க்கரைக்கும் மற்ற கரைபொருள்களுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துச் சந்தேகப்படும். டை எத்திலீன் கிளைகோல் நிறமில்லாத, மணமில்லாத, லேசாக இனிக்கும், கொழகொழப்பான திரவம். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. ஒயினில் சேர்ந்தால் இனிப்பும் கூடும், கனமும் கூடும். வழக்கமான சோதனைகளிலோ அது ஒயினின் சொந்தச் சத்தாகவே கணக்கில் விழுந்தது. பத்திரிகைகள் இதைக் காருக்கு ஊற்றும் கூலன்ட் என்று எழுதின. கூலன்டில் பெரும்பாலும் இருப்பது இதன் நெருங்கிய உறவான எத்திலீன் கிளைகோல். ஆனாலும் 'கூலன்ட் ஒயின்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, உலகம் முழுக்கச் சிரிப்பாகச் சிரித்தது. 1990-ல் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில்கூட ஒயினில் கூலன்ட் கலக்கும் ஒரு காட்சி வந்துவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆய்வகத்தில் தேர்ச்சி பெற்ற பானம் என்றால் பாதுகாப்பான பானம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் சீட்டில் சர்க்கரை என்று எழுதியிருந்தால் லேபில் சர்க்கரையைத்தான் பார்ப்பார்கள். டைபாய்டு இருந்தாலும் அந்த ரிப்போர்ட்டில் அது வராது. ஒயின் ஆய்வகத்தின் சீட்டில் ஆல்கஹால், அமிலம், சர்க்கரை, கந்தகம் என்று வழக்கமான வரிகள் இருந்தன. டை எத்திலீன் கிளைகோல் என்ற வரி இல்லை. யாரும் கேட்காததால் இயந்திரமும் சொல்லவில்லை. சுவைத்துத் தரம் போடும் நிபுணர்களின் நாக்கிலும் அது சிக்கவில்லை, ஏனென்றால் அந்த நாக்குகளை ஏமாற்றத்தான் அதை ஊற்றினார்கள்.

பிறகு எப்படி அகப்பட்டது? 1984 முடியும் தறுவாயில், பெயர் சொல்லாத ஒருவர் வியன்னாவில் உள்ள அரசு வேளாண் வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டிலில் இந்தத் திரவத்தைக் கொண்டுவந்து, இதைத்தான் ஒயினில் கலக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு கதையும் பரவலாகச் சொல்லப்படுகிறது: ஒரு தோட்டக்காரர் தான் வாங்கிய கூலன்டுக்கு வரிச்சலுகை கேட்டாராம், அவரிடம் இருந்த ஒரு டிராக்டருக்கு அந்த அளவு பல தலைமுறைக்குக் காணும் என்று வரி அதிகாரி யோசித்தாராம். கதை எந்த அளவு உண்மையோ, அதன் சாரம் எனக்குப் பிடிக்கும். கலப்படக்காரரின் கைச்சுத்தம் பாட்டிலில் தெரியாது, அவருடைய கொள்முதல் பில்லில் தெரியும்.

என்ன தேடவேண்டும் என்று தெரிந்த பிறகு வேலை சுலபமானது. வாயு நிறப்பிரிகை என்ற முறையில் கலவையைப் பிரித்துப் பார்த்தால் கிளைகோல் தனியாக வந்து நின்றது. 1985 ஜூன் 27 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துச் சூப்பர் மார்க்கெட் ஒயின் ஒன்றில், புர்கன்லாந்தின் ரூஸ்ட் பகுதியைச் சேர்ந்த 1983-ம் ஆண்டு ஒயினில், அது இருப்பது உறுதியானது. ஜூலை 9 அன்று பான் நகரிலிருந்து மேற்கு ஜெர்மனியின் சுகாதார அமைச்சகம் ஆஸ்திரிய ஒயினைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. ஆஸ்திரிய அதிகாரிகளுக்கோ அதற்குப் பல மாதங்கள் முன்பே விஷயம் தெரியும். அந்த இடைவெளியில் வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள்.

பெரும்பாலான பாட்டில்களில் லிட்டருக்கு ஓரிரு கிராம், சிலவற்றில் அதற்கும் மேல். ஒரு 1981-ம் ஆண்டு இனிப்பு ஒயினில் மட்டும் லிட்டருக்கு 48 கிராம். உயிரைப் பறிக்கும் அளவு சுமார் 40 கிராம் என்று அப்போது கணக்கிட்டார்கள். அப்படியென்றால் அந்த ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் முடித்தவர் எமனின் வாசல்படியில் நின்றிருப்பார். நல்லவேளையாக இந்த விவகாரத்தில் ஒருவரும் சாகவில்லை. ஒயினில் இருந்த ஆல்கஹாலே கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம். கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் அதே நொதிதான் கிளைகோலையும் நஞ்சாக மாற்றுகிறது. ஆல்கஹால் முதலில் வந்து நின்றுகொண்டால் கிளைகோலின் முறை தள்ளிப்போகும்.

யாரும் சாகாத ஒன்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கத் தோன்றும். தமிழ்நாட்டுக்காரர்கள் அப்படிக் கேட்க முடியாது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டை எத்திலீன் கிளைகோல் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்சம் 0.1 சதவீதம். 1937-ல் அமெரிக்காவில் 'சல்ஃபனிலமைடு எலிக்சிர்' என்ற மருந்தில் இதே திரவம் கரைப்பானாக இருந்து 100 பேருக்கு மேல் பலியானார்கள்; அதன் விளைவாகத்தான் அந்நாட்டின் 1938-ம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டமே வந்தது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கும் நஞ்சு இது. ஒயினில் ஊற்றியவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான்.

ஜெர்மனி 'ஆஸ்திரிய ஒயின் வேண்டாம்' என்று சொன்னதும் பிரச்சினை முடியவில்லை. ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடியபோது 'ஜெர்மன் ஒயின்' என்று லேபிள் ஒட்டிய பாட்டில்களிலும் கிளைகோலின் சுவடு கிடைத்தது. ஜெர்மானியத் திராட்சையில் அது எப்படி வரும்? டேங்கரில் வந்த ஆஸ்திரிய ஒயினைச் சில ஜெர்மன் நிறுவனங்கள் சட்டவிரோதமாகத் தங்கள் ஒயினோடு கலந்து பாட்டிலில் அடைத்திருந்தன. நாட்டின் பெயரைப் பார்த்துத் தடை போடுவது வாங்குபவருக்கு எவ்வளவு கொஞ்சம் பாதுகாப்பு என்பது இதில் தெரிந்தது. இறக்குமதிப் பொருள் எல்லை தாண்டியதும் பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

மேற்கு ஜெர்மனியில் மட்டும் சுமார் 2 கோடியே 70 லட்சம் லிட்டர் ஒயின் அழிக்கப்பட வேண்டியிருந்தது. அவ்வளவையும் சாக்கடையில் விட முடியாது. ஆஸ்திரியாவில் ஒரு சிமென்ட் ஆலை சூளையைக் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதிலாக இந்த ஒயினைப் பயன்படுத்திக்கொண்டது. 'கூலன்ட்' என்று பெயர் வைத்த பத்திரிகைக்காரர்கள் ஒருவகையில் தீர்க்கதரிசிகள்.

ஆஸ்திரியாவின் ஒயின் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. தவறு செய்தவர்கள் சிலர், கிளைகோலைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளும் சேர்ந்து அடி வாங்கினார்கள். பழைய அளவைத் திரும்பத் தொட 2001 ஆகிவிட்டது. ஆனால் அந்நாடு ஒரு நல்ல காரியம் செய்தது: 1985 ஆகஸ்ட் முடிவதற்குள் ஐரோப்பாவிலேயே கடுமையான ஒயின் சட்டங்களில் ஒன்றை நிறைவேற்றியது. தர ஒயின் ஒவ்வொன்றும் அரசு ஆய்வகத்துக்குப் போய்ச் சோதனை எண் வாங்க வேண்டும். பாட்டிலின் மூடியில் தேசியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டை. அந்தப் பட்டையின் கணக்கும், தோட்டத்தில் விளைந்த திராட்சையின் கணக்கும், விற்ற லிட்டரின் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 100 லிட்டர் விளைந்த இடத்தில் 300 லிட்டர் விற்றால், என்ன ஊற்றினாய் என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஊற்றியிருக்கிறாய் என்பது தெரிந்துவிடும். ஆய்வகத்துக்குக் கேட்கத் தெரியாத கேள்வியைக் கணக்குப் புத்தகம் கேட்டுவிடும்.

இந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. 1986 மார்ச், வட இத்தாலி. மலிவான மேசை ஒயினுக்கு ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்ட மெத்தனால் ஊற்றியிருந்தார்கள். மெத்தனால் மீதான வரி சில காலம் முன்புதான் நீக்கப்பட்டிருந்தது, அதனால் சர்க்கரையை விட அது மலிவு. 23 பேர் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். மெத்தனால் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். குடித்த உடனே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. சாதாரண ஆல்கஹாலும் கலந்திருந்தால் ஒரு நாள்கூடக் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு புரட்டும், மூச்சு வாங்கும். அதற்குள் பாட்டில் இரண்டு எல்லைகளைத் தாண்டிப் போயிருக்கும். பிரான்ஸ் தன் துறைமுகத்திலேயே இத்தாலிய ஒயின் டேங்கர்களை நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தது. எல்லா ஒயினிலும் மிகச் சிறிதளவு மெத்தனால் இயற்கையாகவே இருக்கும் என்பதால் 'இருக்கிறதா' என்று கேட்டால் போதாது, 'எவ்வளவு' என்று கேட்க வேண்டும். சர்வதேச ஒயின் அமைப்பின் அளவுகோல் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கு 250.

அடுத்தடுத்து வந்த இந்த இரண்டும் அமெரிக்காவில் ஒரு விநோதமான சங்கடத்தை வெளியே கொண்டுவந்தன. அங்கே மதுவை மேற்பார்வையிட்டது மது, புகையிலை, துப்பாக்கிப் பணியகம். பெயரைப் பார்த்தாலே தெரியும், வரியும் கடத்தலும் அதன் கவலைகள். உணவில் நஞ்சு இருந்தால் பார்ப்பது உணவு மருந்து நிர்வாகம். அப்படியென்றால் ஒயினில் நஞ்சு இருந்தால்? திரும்பப் பெறச் சொல்வது யார், மக்களுக்குச் சொல்வது யார்? 1987 நவம்பரில் இரண்டு அலுவலகங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டன: உடல்நல ஆபத்து எவ்வளவு என்று உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடும், சரக்கைத் திரும்பப் பெறும் வேலையைப் பணியகம் பார்க்கும். கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நஞ்சு கண்டுபிடித்த மறுநாள் காலையில் போனை எடுக்க வேண்டியது யார் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத நாட்டில், இரண்டு அலுவலகமும் மற்றது எடுக்கும் என்று காத்திருக்கும்.

கெட்ட எண்ணம் இல்லாமலும் கேடு வரும் என்பதற்குக் கனடா உதாரணம். அதே 1985-ல் அங்கே கடைகளில் இருந்த ஒயின்களிலும் மதுவகைகளிலும் எத்தில் கார்பமேட் என்ற பொருளைக் கண்டார்கள். புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கருதப்படுவது. இதை யாரும் ஊற்றவில்லை. நொதிக்கும்போது உண்டாகும் யூரியாவும் ஆல்கஹாலும் சேர்ந்து தானாகவே உருவாகிறது. பிளம், செர்ரி போன்ற பழங்களின் கொட்டையிலுள்ள சயனைடு சேர்மங்களிலிருந்தும் வரும். வெப்பம் பட்டால் வேகமாகக் கூடும். கப்பல் கன்டெய்னரில் வாரக்கணக்கில் வெயிலில் வேகும் ஒயின், கிளம்பிய இடத்தில் பாஸாகி, போய்ச்சேர்ந்த இடத்தில் ஃபெயிலாகலாம். கனடா அளவு நிர்ணயித்தது: மேசை ஒயினில் 100 கோடியில் 30 பங்கு, வடித்த மதுவில் 150, பழ பிராந்தியில் 400. ஏற்றுமதி நாட்டுச் சான்றிதழ் மட்டும் போதாது, இறங்குமிடத்திலும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இருபத்தேழு ஆண்டு தள்ளி வருவோம். 2012 செப்டம்பர், செக் குடியரசு. பாதி மெத்தனால், பாதி நல்ல ஆல்கஹால் கலந்து, பிரபல பிராண்டுகளின் பெயரில் பாட்டிலில் அடைத்துக் கடைக்கும் மதுக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டில் மட்டும் 38 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 14 அன்று அரசாங்கம் 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்தியது. ஆராய்ந்து அப்புறம் சொல்கிறோம் என்று இழுக்கவில்லை. போலந்தும் ஸ்லோவாக்கியாவும் இறக்குமதிக்குத் தடை போட்டன. ஐரோப்பாவில் 1979 முதல் இயங்கும் உணவு அவசர எச்சரிக்கை வலைப்பின்னல் வழியே செய்தி நாடு நாடாகப் போனது. கொஞ்ச நாளில் செக் அரசே தன் மது ஏற்றுமதியையும் நிறுத்தியது. தடையை நீக்கியபோது ஒரு நிபந்தனை: 2011 முடிவதற்குள் தயாரானவை போகலாம், 2012 ஜனவரிக்குப் பின் தயாரானவற்றுக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் மூலச் சான்றிதழ் வேண்டும். கலவை போட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1985-ல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த செய்தி, 2012-ல் நாள்கணக்கில் எல்லை தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் நடந்த பெரிய முன்னேற்றம் இதுதான் என்பது என் கணிப்பு. இயந்திரங்கள் நுட்பமானது நல்லதுதான், அதைவிடப் பெரிது வாயைத் திறக்க அரசுகள் கற்றுக்கொண்டது.

நம் நாட்டு நிலைமை என்ன? மது என்றால் மாநில ஆயத்தீர்வை, டாஸ்மாக் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மதுபானமும் உணவுதான். மதுவுக்கெனத் தனித் தரவிதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் ஸ்காட்ச்சும் ஒயினும் சுங்கத்தோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். லேபிளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அவருடைய உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். பாட்டிலில் பிரச்சினை என்றால் இந்த மண்ணில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்காகத்தான் இந்த விவரம்.

'டூட்டி ஃப்ரீ சரக்கு, தெரிந்த பையன், பாதி விலை' என்று கைமாறும் பாட்டிலில் அந்த விவரம் இருக்காது. காலி ஸ்காட்ச் பாட்டிலை விலைக்கு வாங்கி மட்டமான சரக்கை ஊற்றி மூடி போடும் தொழில் நம் ஊரில் இருக்கிறது, அவ்வப்போது போலீசில் பிடிபடுகிறார்கள். குடிக்காமல் இருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. குடிப்பவர், விருந்துக்கு வாங்குபவர், வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கொடுத்தார் என்று வாங்கி வைப்பவர் எல்லோருக்கும் ஒன்று: சீல் கலைந்ததையும், மூடி தளர்வாக இருப்பதையும், எழுத்துப்பிழையோடு லேபிள் ஒட்டியதையும் தொடாதீர்கள். கடையில் வாங்கினால் பில் கேளுங்கள், தொகுதி எண் உள்ள பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தவருக்கு மறுநாள் கண் மங்கினாலோ, வெள்ளையாகப் புகைபடிந்தது போலத் தெரிந்தாலோ ஹேங்ஓவர் என்று படுக்க விடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மிச்சம் இருக்கும் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். எதைத் தேட வேண்டும் என்று மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் அந்தப் பாட்டில்தான் சொல்லும்.